ஏணிக்காரிக்கு விட்ட இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நான் சுகம். முதுகுவலி மட்டும் வாடகை தராமல் குடியிருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி? காது எப்படி? கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்காருகிறீர்களா, இல்லை "கேக்காத காதுக்குப் பஞ்சு எதுக்கு" என்று பழைய பல்லவிதானா? போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறீர்கள். நமக்குக் கடிதம்தான் சரி.

சேதி இதுதான். 'தூரக்கப்பல்' கார்ட்டூன் ரசிகர் மாநாட்டுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் இரண்டாம் வாரம், அதே மண்டபம். கம்பெனிக்காரர்கள் புதுப் பொம்மைகளைத் துணி போட்டு மூடிவைத்துத் திறந்து காட்டுவது ஞாயிற்றுக்கிழமை காலை. லாட்ஜில் சொல்லிவிட்டேன். சன்னல் மூடாத நம் அறையே கிடைத்திருக்கிறது. நீங்கள் குறட்டை விடுங்கள், நான் குளிரில் நடுங்குகிறேன்.

லீவு கேட்கப் போன இடத்தில்தான் வம்பு. ஒரு துணிக்கடையில் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. மெஷின் ரூமில் சாப்பிட உட்கார்ந்தபோது மேஸ்திரியிடம் சொன்னேன், மச்சானோடு மாநாட்டுக்குப் போக வேண்டும் என்று.

"உனக்கு ஏதுய்யா மச்சான்? அக்கா தவறிப்போச்சுன்னு சொன்னியே?"

"அக்கா வீட்டுக்காரர்தான்."

"அக்கா இருக்கிற வரைக்கும்தான் மச்சான் உறவுன்னு சும்மாவா சொன்னாங்க? அது முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. இன்னும் என்ன ஒட்டிக்கிட்டு?"

எனக்குச் சுருக்கென்றது. ஏணிக்காரி கதையை அவரிடம் முதலிலிருந்து சொன்னேன். அப்பா அம்மா போனபிறகு உங்கள் வீட்டில் நான் இருந்த காலம், ஞாயிற்றுக்கிழமை, ஒரே சோபாவில் மூன்று பேர், டிவியில் 'தூரக்கப்பல்'. கார்ட்டூனில் கப்பலில் இருக்கிற எல்லோரும் விண்வெளியில் சண்டை போடுவார்கள். பின்னால் ஒருத்தி சாம்பல் நிறச் சட்டையில் ஏணி போட்டு, ஃபியூஸ் போன பல்பை மாற்றிக்கொண்டிருப்பாள். பெயர் கிடையாது, வசனம் கிடையாது. முகத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள், எப்போதும் முதுகுதான். அக்கா சொல்வாள், "எல்லாரும் சுட்டுக்கிட்டே இருக்கானுங்க. வெளிச்சம் யாரு போடறது?" கப்பலில் இருக்கிற பூனைக்குக்கூடப் பொம்மை வந்தது. அவளுக்கு வரவில்லை. உங்கள் அலமாரியில் பொம்மைகளை அடுக்கியபோது சமையல்காரனுக்கும் டாக்டருக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டு, "இது அவளுக்கு" என்றாள் அக்கா.

"அந்தப் பொம்மை வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் வருஷா வருஷம் போவோம்" என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

"சரி, வந்துட்டா?" என்றார்.

எழுந்து போய் லிஃப்ட் கயிற்றைச் சரிபார்த்தேன்.

அந்த நாலு விரல் இடத்தில் தூசி சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மாப்பிள்ளை


பிப்ரவரி 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் அழுகிறது, மற்றபடி சமாதானம். காது அப்படியே. நீ நாற்பதைத் தாண்டியும் கல்யாணமாகாத மாப்பிள்ளை என்பதைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

உன் மேஸ்திரியிடம் இதைச் சொல். கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாது, பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நீ. லிஃப்ட்டுக்கு இருக்கிற பிரேக் உறவுக்கு இருக்காதா?

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், வீடு பெரிதாகிவிட்டது. காலையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிவியை நிறுத்திவிட்டால் சுவர்க் கடிகாரம் மட்டும் பேசுகிறது. அதுவும் எனக்குக் கேட்பதில்லை.

மேல் வீட்டுக்கு ஒரு கணக்கு டீச்சர் குடி வந்திருக்கிறார். தனியாள், கணவர் காலமாகிப் பல வருடம். கண்ணாடி உடைந்துவிட்டது என்று வந்தார். கடைக்கு எடுத்துப் போய் லென்ஸ் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது நம் அலமாரியைத்தான். "ஏன் நடுவுல மட்டும் பல்லு விழுந்த மாதிரி இருக்கு?" என்றார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வராத பிள்ளைக்கும் வருகைப் பதிவேட்டுல இடம் விட்டுத்தானே வைப்போம்" என்றார்.

உன் பெட்டிகளெல்லாம் சுகமா? ஒன்றையாவது பிரித்தாயா? பொம்மையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கும்பிடுகிறவனை நான் உன்னைத் தவிரப் பார்த்ததில்லை. உன் அக்கா சொல்வாளே, "இவனுக்குப் பொண்ணு கொடுத்தா அதையும் பிரிக்காம அலமாரியில வைப்பான்" என்று.

முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

அன்புடன்
மச்சான்


ஏப்ரல் 9

அன்புள்ள மச்சானுக்கு,

நலம்தான். போன வாரம் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே ஒரு கணவனும் மனைவியும் மாட்டிக்கொண்டார்கள். கதவைத் திறந்தால் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "தொறந்துட்டேன், வாங்க" என்றேன். "பேசிக்கிட்டிருக்கோம், கொஞ்சம் மூடுங்க" என்றார் அவர். மூடிவிட்டு வெளியே நின்றேன். சண்டை போடவாவது ஆள் வேண்டும் மச்சான்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். கம்பெனி இந்த வருடப் பொம்மைகளின் நிழலை மட்டும் வெளியிட்டிருக்கிறது. ஐந்து கறுப்பு உருவம். நடுவில் நிற்பதன் கையில் நீளமாக ஏதோ இருக்கிறது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். ஈட்டி, அதாவது வாசல் காவலாளி என்கிறது ஒரு கட்சி. ஏணி என்கிறது இன்னொன்று. நான் ஈட்டிக் கட்சி. ஏணி என்றால் அகலமாக இருக்காதா?

நீங்கள் அநாவசியமாக ஆசை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன். நம் இரண்டு இருக்கைக்கும் டிக்கெட் வாங்கிவிட்டேன், ஏழாவது வரிசை. மெல்ல மெல்ல நடந்து முழங்காலைப் பழக்குங்கள்.

உங்கள்
மாப்பிள்ளை


ஏப்ரல் 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவனிடமே படத்தை அனுப்பிவிட்டு ஈட்டி என்கிறாயே! கடையில் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். அந்த நீளமான கறுப்புக்குள் ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. ஒன்றில்லை, வரிசையாக. படிக்கும் படிக்கும் நடுவில் தெரிகிற வெளிச்சம் அது. ஏணியைப் பக்கவாட்டில் பிடித்திருக்கிறாள், அதனால்தான் அகலம் தெரியவில்லை. டீச்சரிடம் காட்டினேன். அவரும் எண்ணிப் பார்த்துவிட்டு ஏணிதான் என்கிறார்.

மாப்பிள்ளை, வந்துவிட்டாள் போலிருக்கிறது.

வீட்டுக்கு வெள்ளையடித்து, கதவுகளுக்கும் பெயின்ட் அடித்தாயிற்று. சுவரெல்லாம் உதிர்கிறது என்று டீச்சர்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். அலமாரியை நகர்த்த வேண்டியிருந்தது. பயப்படாதே, பொம்மைகளை எடுக்கும்முன் எது எங்கே நிற்கிறது என்று அவரே சாக்பீஸால் பலகையில் வட்டம் போட்டு வைத்துவிட்டார். திரும்ப வைத்தபோது எல்லோரும் அவரவர் வட்டத்தில் நின்றார்கள். ஆளில்லாத அந்த இடத்துக்கும் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
மச்சான்


மே 12

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். அங்கே உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியமில்லை என்று தோன்றுகிறது. அதற்கு மேல்மாடியிலேயே ஆள் இருக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனால் கணக்கு டீச்சருக்குத் தூரக்கப்பலைப் பற்றி என்ன தெரியும்? ஒரு பாகமாவது பார்த்திருக்கிறாரா? அது ஈட்டிதான். ஊசி முனை வெளிச்சமெல்லாம் நான் கடையில் எடுத்த பிரிண்டின் கோளாறு. மூன்று வருடமாக ஏமாறுகிறோம், நாலாவது வருடமும் ஏமாறுவோம். அதற்கென்ன, ஏமாறுவதற்கும் துணை வேண்டுமே.

சில சமயம் நினைத்துப் பார்க்கிறேன். உண்மையிலேயே அவள் வந்துவிட்டால் நாம் அப்புறம் எதைப் பற்றி எழுதிக்கொள்வோம்? முழங்காலும் முதுகும் எத்தனை கடிதத்துக்குத் தாங்கும்? இதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையடித்தீர்களே, சமையலறைக் கதவில் அக்கா பென்சிலால் எழுதி வைத்த பால்காரர் நம்பர் இருக்கிறதா?

உங்கள்
மாப்பிள்ளை


ஜூலை 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். பள்ளிக்கூடம் திறந்த சமயம், ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கரும்பலகை தெரியாமல் போகிறது.

பென்சில் நம்பர் அழிந்துவிட்டது. நான் கவனித்திருக்க வேண்டும்.

முழங்கால் மோசம். இந்த முறை மாநாட்டுக்கு என்னால் வர முடியாது போலிருக்கிறது. வரிசையில் அவ்வளவு நேரம் நிற்க டாக்டர் விடமாட்டார். என் டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடு. அவள் வந்தாளா இல்லையா என்று எழுது. பட்டன் போனில் எனக்கு வேறெங்கும் தெரியப்போவதில்லை, நீ சொன்னால்தான் உண்டு.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்றும் இருக்கிறது. நேரில் சொல்கிறேன்.

அன்புடன்
மச்சான்


ஆகஸ்ட் 18

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். முழங்காலுக்கு இப்போது என்ன மருந்து? கடைசிக் கடிதத்தின் உறையில் விலாசம் உங்கள் கையெழுத்தில் இல்லை. குண்டு குண்டாக, கரும்பலகையில் எழுதின மாதிரி இருந்தது. கைக்கும் வலியோ என்று பயந்தேன்.

மாநாட்டுக்குப் போய்வந்தேன். லாட்ஜில் குறட்டை இல்லாததால் தூக்கம் வரவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் கப்பல் தளபதி வேஷத்தில் ஒருவர், நெஞ்சில் அட்டைக் கவசம். வேர்வையில் அட்டை ஊறி, மண்டபத்துக்குள் நுழையும்போது தளபதி வெறும் பனியனோடு நுழைந்தார். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். நான் உங்களுக்கும் சேர்த்துச் சிரிக்கப் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

உங்கள் டிக்கெட்டை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டேன். "ஆள் வராங்களா?" என்று பல பேர் கேட்டார்கள். "வராங்க" என்றேன்.

பதினோரு மணிக்கு, வருஷா வருஷம் வருவாரே, கம்பெனியின் அந்த நீள முடிக்காரர் மேடைக்கு வந்து கறுப்புத் துணியைத் தூக்கினார். ஈட்டிதான் மச்சான். வாசல் காவலாளி. மரியாதைக்கு நானும் கைதட்டினேன்.

அதனால் என்ன, அடுத்த வருடம் பார்ப்போம். அவள் எங்கே போய்விடுவாள்? அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

நேரில் சொல்கிறேன் என்றீர்களே, அதுவும் அடுத்த வருடமே சொல்லலாம். அவசரமில்லை.

உங்கள்
மாப்பிள்ளை


செப்டம்பர் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இன்று வாய் கூசுகிறது. ஏனென்றால் அதை நானே பார்த்தேன். இளைத்துவிட்டாய். சட்டை தோளில் தொங்குகிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம். ஏணியோடு மேடையில் நிற்கிறவளை எப்படியப்பா மறைப்பாய்?

நான் அங்கே இருந்தேன். முழங்கால் வலி என்று எழுதிவிட்டு, மனம் கேட்காமல் அதே முழங்காலோடு வந்து, வாசலில் நின்று பார்க்கிற டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன். டீச்சரும் கூட இருந்தார். உனக்கு முன்னால் அவரை நிறுத்தி, "இவங்களை நான் கல்யாணம் பண்ணிக்கப்போறேன்" என்று சொல்வதற்காகத்தான் வந்தோம். கடிதத்தில் எழுத எத்தனையோ தரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் முழங்காலைப் பற்றி எழுதி முடித்தேன்.

உள்ளே வந்து உன்னைத் தேடினேன். ஏழாவது வரிசையில் உன் முதுகு, பக்கத்தில் உன் பை. அந்தப் பை எனக்காக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் என் கால் நகரவில்லை. நான் போய் அங்கே உட்கார்ந்தால் அவர் எங்கே உட்காருவார்? அவரை உட்கார வைத்தால் நான் எங்கே? "போங்க, போய்த் தம்பிகிட்ட உக்காருங்க, நான் நிக்கிறேன்" என்றார். அப்படியும் போகவில்லை. கோழை என்று வைத்துக்கொள்.

துணியைத் தூக்கினார்கள். நடுவில் அவள். சாம்பல் சட்டை, கையில் ஏணி. பாதிக் கூட்டம் யாரிது என்று விழித்தது, மீதிப் பேர் எழுந்து நின்று தட்டினார்கள். நீ தட்டவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாய். அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

ஈட்டி என்று நீ எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லாமல் இருந்ததும் அதே காரணத்துக்குத்தான். சொன்னால் இனி என்னை மச்சான் என்று கூப்பிட மாட்டாய் என்று பயம். உன் மேஸ்திரி கேட்டதை நீ எழுதிய நாளிலிருந்து அந்தப் பயம்.

நவம்பரில் பதிவு செய்துகொள்கிறோம். சாட்சிக் கையெழுத்துப் போட நீ வர வேண்டும். திட்டுவதானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மச்சான்


அக்டோபர் 30

மாப்பிள்ளை,

நலமா? ஒரு வரி போதும். வெறும் உறை வந்தாலும் போதும். தபால்காரர் தெரு முனையில் திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நிற்கிறேன்.

மச்சான்


நவம்பர் 27

~~தம்பிக்கு~~

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். மேலே எழுதிவிட்டு, அந்த உரிமை எனக்கு யார் கொடுத்தது என்று அடித்துவிட்டேன். வேறு தாளில் எழுதலாம்தான். பிள்ளைகள் தப்பை அழித்துவிட்டு நீட்டினால் எனக்குப் பிடிக்காது, அடித்தது தெரிய வேண்டும் என்பேன். அதனால் இதையும் அப்படியே அனுப்புகிறேன்.

போன வாரம் பதிவு முடிந்தது. சாட்சிக்கு உங்கள் இடத்தைக் கடைசி நிமிஷம் வரைக்கும் காலியாகவே வைத்திருந்தார் உங்கள் மச்சான். அதிகாரி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகு கண்ணாடிக்கடை முதலாளி கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பொம்மை அடுத்த மாதம் கடைக்கு வருகிறதாம். வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "அது அவன் கையால வரணும்" என்றார். வராவிட்டால் என்றேன். "வராட்டா காலியா இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும். அந்த இடத்தில் நான் ஒரு பூச்சாடிகூட வைக்க மாட்டேன். உங்கள் அக்காவின் இடத்தை நிரப்ப நான் வரவில்லை. எனக்கும் சாயங்காலங்கள் நீளமாக இருந்தன, அவ்வளவுதான்.

கதவில் இருந்த பென்சில் எழுத்து என் கவனக்குறைவால் போயிற்று. அதற்கு மன்னிக்க வேண்டும்.

இப்படிக்கு
மேல் வீட்டு டீச்சர்


ஜனவரி 6

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். பொய் எழுதி ஒரு தரம் பட்டது போதும். நன்றாக இல்லை. இந்த மாதங்களில் வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால் சுவர் முழுக்கப் பெட்டிகள், பெட்டிக்குள் ஆட்கள், எல்லோரும் கண்ணாடித்தாள் வழியாக என்னைப் பார்க்கிறார்கள். பேசுவதற்கு ஒருவரும் கிடையாது. ஒரு நாள் லிஃப்ட் ஒன்று கோளாறாகி, சரி செய்யப் போன நானே உள்ளே மாட்டிக்கொண்டேன். மணியை அடித்தேன். "யாருக்குச் சொல்லணும், வீட்ல யாரு இருக்காங்க?" என்று வெளியிலிருந்து காவலாளி கேட்டார். "மச்சான்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன், நான் உங்களுக்குப் பதில் எழுதியே பல மாதமாயிற்று என்று.

எனக்குக் கோபம்தான். நீங்கள் கல்யாணம் செய்துகொண்டதற்கு இல்லை. கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனீர்களே, அதற்கு. திரும்பிப் பார்த்திருந்தால் பார்த்திருப்பேன். நான் ஏன் திரும்பவில்லை என்று என் மேலும் கோபம்.

ஆமாம், அவள் வரக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். வருஷா வருஷம் துணியைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, வராதே வராதே என்பேன். அக்கா ஆசைப்பட்ட பொம்மைக்கு எதிராக வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நான்தான். அவள் வந்துவிட்டால் உங்களுக்கு நான் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

டிசம்பரில் கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கினேன். ஒன்றுதான் வாங்கினேன். பெட்டியை மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பிரித்தேன். நம்புங்கள், பிளேடு எடுத்து ஒட்டுத்தாளைக் கிழித்துப் பிரித்தேன். நான் பிரித்த முதல் பெட்டி.

அவளுக்கு முகம் இருக்கிறது மச்சான். இத்தனை வருடம் முதுகைத்தானே பார்த்தோம். திருப்பினால் அக்கா மாதிரி இருப்பாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது, அது எனக்கே தெரியாது. அக்கா மாதிரி இல்லை. யார் மாதிரியும் இல்லை. களைத்துப்போன, நல்ல முகம். ரொம்ப நேரம் அழுதேன். அழுது முடித்தபோது கொஞ்சம் பசித்தது. பல நாளுக்குப் பிறகு பசி.

இத்துடன் பஞ்சு சுற்றி அவளை அனுப்பியிருக்கிறேன். சமையல்காரனுக்கும் டாக்டருக்கும் நடுவில் வையுங்கள். சாக்பீஸ் வட்டம் அழிந்திருந்தால் டீச்சரம்மாவை இன்னொரு முறை போடச் சொல்லுங்கள்.

ஆனால் நிற்க மாட்டாள். இரண்டு கையையும் மேலே தூக்கி ஏணியைப் பிடித்திருக்கிற மாதிரி செய்திருப்பதால் ஏணியில் சாய்ந்தால்தான் நிற்பாள், இல்லாவிட்டால் குப்புற விழுவாள். ஏணியைப் பார்சலில் தேடாதீர்கள், அது என்னிடம் இருக்கிறது. சேகரிக்கிறவர்கள் யாராவது கேட்டால் என்னை அடிக்க வருவார்கள். ஆளை ஒரு வீட்டிலும் ஏணியை ஒரு வீட்டிலும் வைக்கிற பைத்தியம் உண்டா என்பார்கள். என் மேசையில் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அவள் விழும்போதெல்லாம் எழுதுங்கள். ஆகஸ்டில் அவளைச் சட்டைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். நான் ஏணியோடு வருகிறேன்.

டீச்சரம்மாவிடம் சொல்லுங்கள், அடித்திருந்த எழுத்தைப் படித்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் அடிக்க வேண்டாம்.

மேஸ்திரி நேற்று கேட்டார், இந்த வருடமும் லீவு வேண்டுமா, பொம்மைதான் வந்துவிட்டதே என்று. வேண்டும் என்றேன்.

இருக்கை பிடிக்க என்னிடம் ஒரு பைதான் இருந்தது. இன்னொன்று வாங்கிவிட்டேன்.

உங்கள்
மாப்பிள்ளை